15,000 ரூபாயில் ஒரு கொல்லை: எதற்குச் செலவழிக்கலாம், எதை ஓசியில் முடிக்கலாம்?

கூடுவாஞ்சேரிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 25 அடி வெற்றிடம். கட்டட வேலை முடிந்தபோது விட்டுப்போன ஜல்லி, உடைந்த டைல்ஸ், இறுகிப்போன சிமென்ட் மூட்டை இரண்டு, ஒரு மூலையில் தானாக முளைத்த முருங்கை. அவ்வளவுதான் சொத்து. எட்டு வயதுப் பெரியவனுக்கு ஊஞ்சல் வேண்டும். நாலு வயதுச் சின்னவளுக்கு மண் வேண்டும். மாமியாருக்குக் கீரை வேண்டும். எனக்கோ செலவு 15,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

முதலில் தோட்டம் போட்டுத் தருகிற ஒருவரை வரவழைத்துக் கேட்டோம். தரை முழுக்கச் செயற்கைப் புல், பிளாஸ்டிக் சறுக்கு, சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள், எல்லாம் சேர்த்து 65,000 என்றார். செல்போனில் காட்டிய படம் அழகாகத்தான் இருந்தது. அடுத்ததாக, தரையைச் சிமென்ட் போட்டுவிட்டுப் பைகளில் செடி வளர்க்கலாம் என்று என் கணவர் சொன்னார். 500 சதுர அடிக்குச் சிமென்ட் போட்டாலே எங்கள் பணத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். மழைநீர் இறங்கவும் வழியிருக்காது. அந்த யோசனை அன்று மாலையே முடிந்தது. துவைக்கும் கல்லைச் சுற்றி ஏற்கெனவே கொஞ்சம் சிமென்ட் தரை இருக்கிறது, பாண்டி ஆட அது போதும்.

மிஞ்சியது மூன்றாவது வழி: மண்ணைத் திருத்துவது. அதற்குள்ளேயே பத்து முடிவுகள் எடுக்க வேண்டியிருந்தது. சிலவற்றில் சரியாக எடுத்தோம், சிலவற்றில் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

பையா, பாத்தியா?

பணம் கொடுத்துக் கற்றது இதில்தான். முதல் வருடம் 30 குரோ பேக் வாங்கினேன். 12 அங்குல விட்டம், 12 அங்குல உயரம் உள்ள பையை நிரப்ப ஏறக்குறைய 21 லிட்டர் கலவை வேண்டும். 30 பைக்கு 630 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு என்றால் 210 லிட்டர். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 70 லிட்டர் அளவுக்குப் பொங்கும், ஆக மூன்று கட்டி. பை ஒன்று 50 ரூபாய், கட்டி 200. செம்மண்ணும் தொழுவுரமும் சேர்ந்ததும் 4,000 ரூபாயைத் தொட்டுவிட்டது. செடி வைக்கக் கிடைத்த இடமோ மொத்தமே 24 சதுர அடிக்குள்தான். சதுர அடிக்கு 170 ரூபாய்! வாங்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டுத்தான் போட வேண்டும். கடைக்காரர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் போர் தண்ணீரும் உப்பு. கத்தரி நாற்று இரண்டாவது வாரமே இலை நுனி கருகி நின்றது. சித்திரை வெயிலில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் பை காய்ந்தது. அடுத்த கோடைக்குள் பாதிப் பைகள் வெயிலில் நைந்து, தூக்கினால் காது கையோடு வந்தது.

பை கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வாடகை வீடு, மொட்டை மாடி, பின்புறம் முழுக்கச் செப்டிக் டேங்க் உள்ள வீடு, இவற்றுக்கு அதுதான் வழி. அப்படி என்றால் கடைக்குப் போவதற்கு முன் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். 2021-இல் தொடங்கிய முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 900 ரூபாய் மாடித் தோட்டத் தளையை (கிட்) 225 ரூபாய்க்கும், ஊரகப் பகுதிகளுக்கு 12 வகை விதை கொண்ட தளையை 15 ரூபாய்க்கும் கொடுத்தார்கள். கையிருப்பும் விலையும் வருடத்துக்கு வருடம் மாறும், விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

சொந்தக் கொல்லை என்றால் என் ஓட்டு மேடைப்பாத்திக்குத்தான். எங்கள் தரை களிமண். அதன் மேல் கட்டட இடிபாடு. கடப்பாறையை இறக்கினால் டங் என்கிறது. சிமென்ட் கலந்த மண்ணில் சுண்ணாம்புத்தன்மை ஏறிவிடும், இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைத் தோண்டி எடுத்து மாற்றுவதைவிட, பெரிய துண்டுகளைப் பொறுக்கிவிட்டு மேலே மண் ஏற்றுவது மலிவு. இன்னொரு காரணம் ஐப்பசி, கார்த்திகை மழை. எங்கள் பக்கம் இரண்டு நாள் அடை மழை பெய்தால் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். தரைமட்டப் பாத்தி என்றால் தக்காளி வேர் அழுகிவிடும்.

ஆகவே 3 அடிக்கு 8 அடியில் மூன்று பாத்திகள். மூன்றடிக்கு மேல் அகலம் வைக்காதீர்கள். இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடு எட்ட வேண்டும், அதுவும் சின்னவள் கைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அவள் பாத்தி மேலேயே ஏறி நிற்பாள். சுற்றிலும் எட்டங்குலக் கற்கள். வீடு கட்டி மீந்த செங்கற்கள் போக 1,400 ரூபாய்க்கு வாங்கினோம். ஒரு டிராக்டர் லோடு செம்மண் 3,000. பக்கத்து மாட்டுக் கொட்டகையிலிருந்து மக்கிய எரு பத்து மூட்டை 800. மொத்தம் 5,200. கிடைத்த இடம் 72 சதுர அடி, சதுர அடிக்கு 70 ரூபாய் சொச்சம். பையின் விலையில் பாதிகூட இல்லை. கோடையில் ஒரு நாள் தண்ணீர் ஊற்றாமல் ஊருக்குப் போனாலும் செடி நிற்கிறது.

ஒரு லோடு என்பது 100 கன அடி. பாத்திகளுக்குப் போக மண் மிச்சமாகிவிட்டது. அதை அள்ளிப்போட ஆள் கிடைக்காமல் ஓரமாகக் குவித்து வைத்தோம். அந்தக் குவியல்தான் இன்று பிள்ளைகளுக்கு மலை. சாக்கு விரித்துச் சறுக்குகிறார்கள், பொம்மைக் காருக்குச் சுரங்கம் தோண்டுகிறார்கள். 6,000 ரூபாய் பிளாஸ்டிக் சறுக்கைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

ஊஞ்சல்தான் வரைபடம் போட்டது

எங்கே பாத்தி, எங்கே விளையாட்டு என்று தாளில் நான்கு முறை வரைந்து கிழித்தேன். கடைசியில் ஊஞ்சல் முடிவு செய்தது. ஊஞ்சல் சட்டம் எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு இடம் முன்னாலும், அதே அளவு பின்னாலும் காலியாக இருக்க வேண்டும் என்பது பூங்கா அமைப்பவர்கள் கணக்கு. ஆறடிச் சட்டம் என்றால் முன் 12, பின் 12, ஆக 24 அடி. எங்கள் கொல்லையின் நீளமே 25 அடி. எனவே நீளவாட்டில் எட்டடி அகலப் பட்டை ஊஞ்சலுக்கு. மீதி 12 அடி அகலத்தில் பாத்தி, மணல், மண்மேடு எல்லாம். இடம் இதைவிடக் குறைவாக இருந்தால் ஊஞ்சலை மறந்துவிட்டு, ஏறி இறங்கும் கட்டைகளோ கயிற்று ஏணியோ வைப்பது உத்தமம். சுவரில் மோதும் ஊஞ்சலைவிட இல்லாத ஊஞ்சல் மேல்.

எதில் கட்டுவது? பழைய வேம்போ மாமரமோ இருந்தால் கேள்வியே இல்லை. கிளையில் கோணிச் சாக்கைச் சுற்றி அதன் மேல் கயிறு போட்டால் பட்டை தேயாது, செலவு சில நூறு ரூபாய். எங்களிடம் இருந்த ஒரே மரம் முருங்கை. பெரியவன் அதில் கயிறு போடக் கிளம்பியபோது கத்தியே விட்டேன். முருங்கைக் கிளை பார்க்கத்தான் தடிமன், ஒடியும்போது சொல்லிக்கொண்டு ஒடியாது.

சவுக்குக் கம்பு எங்கள் மாவட்டத்தில் மலிவு. நாலு கம்பு நட்டு மேலே ஒன்று கட்டினால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் முடிந்துவிடும். ஆனால் களிமண்ணில் மழைக்காலத்தில் கம்பு ஆடும், கரையான் அரிப்பதும் மண்ணுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். கடையில் கிடைக்கும் மெல்லிய குழாய் ஊஞ்சல், சின்னவளுக்குச் சரி. பெரியவனும் அவன் கூட்டாளிகளும் ஏறினால் பின்கால் தூக்குகிறது. கடைசியாகப் பழைய இரும்புக் கடையில் 2 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் எடை போட்டு வாங்கி, வெல்டரிடம் கொடுத்து, நாலு காலையும் கான்கிரீட்டில் நட்டோம். 5,000. எங்கள் பட்டியலில் ஒரே பொருளுக்குப் போன மிகப் பெரிய செலவு இதுதான். இதில் பேரம் பேசியிருக்கலாமோ என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பிள்ளையின் எடை தொங்குகிற பொருளில் மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வராது.

பலகையைத் தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் தொங்கவிட்டோம். சின்னவளின் கால் தரையைத் தொட வேண்டுமே.

காலுக்குக் கீழே என்ன?

செயற்கைப் புல்லைப் பலர் சிபாரிசு செய்தார்கள். 192 சதுர அடிப் பட்டைக்கு, சதுர அடி 60 ரூபாய் வீதம் 11,500. கீழே தளம் போடும் செலவு தனி. விலையை விட்டுவிட்டாலும், அது பிளாஸ்டிக். கோடை மதியத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். செங்கல்பட்டு வெயிலில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கு அதைப் போட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. மாடி பால்கனியில் நிழலில் போட்டவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அது வேறு கதை.

கொரியன் புல் அழகு. ஆனால் அது மெதுவாகப் பரவும், நல்ல வெயில் கேட்கும், தண்ணீரும் கேட்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், எங்கள் பட்டைக்குத் தினம் 90 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் ஆறு குடம். மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் ஆறு குடத்தைப் புல்லுக்கு ஊற்றினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் ஒரு கணக்குதான்.

நாங்கள் எதுவும் வாங்கவில்லை. தரையைச் சமன் செய்து கல் பொறுக்கி, வயல் வரப்பிலிருந்து அருகம்புல்லை வேரோடு கொண்டுவந்து கால் அடிக்கு ஒன்றாக ஊன்றினோம். ஆடியில் ஊன்றியது புரட்டாசிக்குள் பச்சை பிடித்தது. கோடையில் பழுப்பாகும், மழை வந்தால் திரும்ப எழும். தேய்ந்துபோகிற இடம் ஊஞ்சலுக்கு நேர் கீழே மட்டும்தான். அங்கே 3 அடிக்கு 6 அடி, முக்கால் அடி ஆழம் தோண்டி மணல் நிரப்பினோம்.

மணலில் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். ஊஞ்சலுக்குக் கீழே போடுவதையே சின்னவளின் மணல் குழியாகவும் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம் என்பது என் மூளை. "ஊஞ்சல் ஆடும்போது இவ அங்க உட்காந்து வீடு கட்டுவாளா?" என்று அத்தை கேட்டார். வேறு இடத்தில் தனியாக 4 அடிக்கு 4 அடி, முக்கால் அடி உயரத்தில் மணல் பெட்டி கட்டினோம். களிமண்ணில் குழி தோண்டினால் அது மழைக்குக் குளமாகும், அதனால் தரைக்கு மேலே.

எம்-சாண்ட் விலை குறைவு என்று கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது உடைத்த கல். முனை கூர்மை, தூசி அதிகம். கட்டடத்துக்கு நல்லது, குழந்தையின் முட்டிக்கும் மூச்சுக்கும் நல்லதில்லை. ஆற்று மணல் எங்கள் பக்கம் கன அடி 100 ரூபாய் சொன்னார்கள். இரண்டு இடத்துக்கும் சேர்த்து 26 கன அடி, 2,600. பெட்டியைச் சிறிதாக வைத்ததற்குக் காரணம் அதுதான். பிள்ளைகள் எழுந்ததும் தார்ப்பாய் போட்டு மூடுவது கட்டாயம். திறந்த மணல் தெருப் பூனைகளுக்குக் கழிப்பறை. பூனை, நாய்க் கழிவிலிருந்து கொக்கிப்புழு தோலில் ஏறும்.

நிழலும் முருங்கைச் சண்டையும்

பச்சை நிழல்வலை கட்டினால் அன்றைக்கே நிழல். ஒரு புயல் காற்றுக்கு அது கிழிந்து படபடக்கும் சத்தத்தில் தூக்கம் போகும். மரம் வைத்தால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட வழி பந்தல். பாத்திகளின் மேற்கு ஓரத்தில் மூங்கில் ஊன்றிக் கம்பி இழுத்துப் பீர்க்கனும் புடலையும் ஏற்றினோம். இரண்டு மாதத்தில் மணல் பெட்டிக்குச் சாயங்கால நிழல் வந்துவிட்டது, காயும் வந்தது. கோவைக்காய் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும், ஆனால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முருங்கையை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். மழைக்காலத்தில் அதன் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கம்பளமாக அப்பிக்கொள்ளும். பிள்ளை சாய்ந்தால் உடம்பெல்லாம் தடித்துவிடும். "முருங்கை இல்லாத கொல்லை ஒரு கொல்லையா? உனக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தது மறந்துபோச்சா?" என்றார் அத்தை. பெரியகுளம் பி.கே.எம்.1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் பூத்துவிடும், பழையதை வெட்டிவிட்டு மணல் பெட்டிக்கு எதிர்மூலையில் அதை வைக்கலாம், வருடா வருடம் கவாத்து செய்து தாழ்வாக வைத்துக்கொண்டால் பூச்சியும் கண்ணில் படும் என்று சமாதானம் பேசினேன். ஒப்புக்கொண்டார், பழையதை வெட்டத் தேதி மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அரளி விஷயத்தில் சமாதானமே இல்லை. பூஜைக்குப் பூ என்றாலும் விளையாடுகிற இடத்தில் அரளி வேண்டாம், இலை முதல் வேர் வரை விஷம். ஆமணக்கு, ஊமத்தை தானாக முளைத்தாலும் பிடுங்கிவிடுங்கள். குன்றிமணி கொடியும் அப்படித்தான், விதையின் நிறம் பிள்ளைகளைக் கூப்பிடும்.

சில்லறை முடிவுகள்

பழைய டயர் ஓசியில் கிடைக்கும், வண்ணம் அடித்துப் பாதி புதைத்தால் படத்தில் அழகு. உள்விளிம்பில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கத் தயாராகிவிடும். அடியில் நாலு துளை போட்டு உள்ளே மண் அடைக்கும் பொறுமை இருந்தால் வாங்குங்கள். எனக்கு இல்லை.

கைவிட்ட போர் குழாய் கொல்லையில் இருந்தால் மற்ற வேலைக்கெல்லாம் முன்பு அதை மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது வீட்டருகே கைவிடப்பட்டிருந்த ஆழ்துளைக் கிணற்றில்தான். தரைக்கடியில் இருக்கும் எங்கள் தண்ணீர்த் தொட்டியின் (சம்ப்) மூடிக்கு ஒரு பூட்டு 120 ரூபாய். அதைத் தோட்டக் கணக்கில் சேர்க்கவில்லை.

மீந்த செங்கல், கட்டைகளைக் குவித்து வைத்தால் எலி வரும், எலி பின்னால் பாம்பு வரும். எங்கள் தெருவில் கண்ணாடி விரியனே வந்திருக்கிறது.

சமையலறைத் தண்ணீருக்கு எங்கள் பாட்டி காலத்து ஏற்பாடே போதும். குழாய் வந்து விழும் இடத்தில் வாழையும் கல்வாழையும். பச்சையாகச் சாப்பிடுகிற கீரைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம்.

விதை விஷயத்தில் குழந்தைகளின் பொறுமைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெந்தயம் மூன்றாம் நாளே முளைக்கும், இருபது இருபத்தைந்து நாளில் கிள்ளலாம். அதற்குச் சமையலறை டப்பாவே விதைக்கடை. முள்ளங்கி நாற்பது நாற்பத்தைந்து நாள், பிடுங்கும்போது கிடைக்கும் ஆச்சரியத்துக்காகவே போடலாம். வெண்டை ஒன்றரை மாதம். கத்தரி எனக்கு. பிள்ளைகள் அதற்குக் காத்திருக்க மாட்டார்கள். புதிதாக ஏற்றிய மண்ணில் முதல் பட்டத்துக்குத் தட்டைப்பயறு போட்டுக் காய் பறித்தபின் செடியை அங்கேயே மடக்கி மூடினால் அடுத்த பயிருக்கு உரம். ஆடியில் தொடங்குவது நல்லது. சித்திரையில் ஆசைப்பட்டுத் தொடங்கியவர்கள் வைகாசியில் கைவிட்டதை எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் பார்த்தேன்.

இனி கணக்கு. பாத்திகளுக்கு 5,200. ஊஞ்சல் சட்டத்துக்கு 5,000. மணலுக்கு 2,600. கயிறு, பலகை, தார்ப்பாய், பந்தல் கம்பிக்கு 900. விதை, கறிவேப்பிலைக் கன்று, நாற்று 500. ஆக 14,200. வேலைக்கூலியும், முதல் வருடம் பைகளுக்குப் போன 4,000 ரூபாயும் இதில் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் என் கணவரின் இடுப்பும் போனது.

மிச்சம் 800 ரூபாய். பெரியவன் கூடைப்பந்து வளையம் என்கிறான். அத்தை எலுமிச்சைக் கன்று என்கிறார். எலுமிச்சைக்கு முள் உண்டே என்றேன். "வளையத்துக்குக் கீழ வச்சா பந்து ஒழுங்கா போடுவான்" என்றார். கார்த்திகை மழை முடியட்டும் என்று பணத்தை அரிசி டப்பாவில் வைத்திருக்கிறேன்.